கெட்டிக்கும் துப்பாக்கியும் சமவெளிச் சிறுவேட்டையும்: ஒரு பழைய கேள்வியும் பல பதில்களும்

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் ஒத்தக்கடையை நடுவாக வைத்துப் பார்த்தால், சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நான்கு இடங்கள் இருக்கின்றன. சமண முனிவர்களின் படுக்கைகளும் சிற்பங்களும் உள்ள யானைமலை. 1965-இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி. 2004 முதல் இயங்கிவரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. சற்றுத் தள்ளி, சக்கிமங்கலம் பக்கத்து நரிக்குறவர் குடியிருப்பு. கொல்லாமையைப் போதித்தவர்கள், வெள்ளாமையைக் காக்க வழி தேடுகிறவர்கள், சட்டத்துக்குப் பொருள் சொல்கிறவர்கள், வேட்டையைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் ஆகிய நான்கு தரப்பும் ஒரே சமவெளியில் தடம் பதித்திருப்பதால், இங்கே ஒரு கேள்வியை முழுதாக எழுப்பிப் பார்க்க முடிகிறது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத்துப்பாக்கியால் முயலும் கௌதாரியும் சுடுவதை அரசும் சமூகமும் எப்படிக் கருத வேண்டும்? கிளர்ச்சியின் மிச்சமாகவா, திருட்டு வேட்டையாகவா, பயிர்க் காவலாகவா, ஒரு சமூகத்தின் பிழைப்பாகவா?

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்குப் பதில் சொல்லப்பட்டு வருகிறது. ஒவ்வொரு பதிலும் அதனதன் காலத்தில் வேறொரு கவலையிலிருந்து பிறந்தது. பாளையக்காரர் படை, புலிவேட்டை, காப்புக்காடு, மலைவாழ் மக்களின் நில உரிமை என்று பெரிய விஷயங்களுக்காக எழுதப்பட்ட விதிகள், தரிசிலும் கண்மாய்க்கரையிலும் முயல் தேடுகிறவன் மேல் பக்கவாட்டில் வந்து விழுந்தன. இந்தக் கட்டுரை அந்தப் பதில்களை வரிசையாகப் பார்க்கிறது. எதற்கு எவ்வளவு வலு உண்டு என்பதையும் கூடவே எடைபோட முயல்கிறது.

எந்தத் துப்பாக்கி?

செய்தித்தாள்கள் ‘நாட்டுத்துப்பாக்கி’ என்று எழுதும்போது வெவ்வேறு கருவிகள் ஒரே பெயருக்குள் அடைபடுகின்றன. கெட்டிக்கும் முறை எல்லாவற்றுக்கும் பொது. குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரோ துணியோ அடைத்து, ரவையைப் போட்டு, அது உருண்டு வெளியே வராமல் மறுபடி அடைப்பு வைத்து, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். வேறுபாடு தீ வைக்கும் இடத்தில்தான். மிகப் பழைய வகையில், வெடியுப்பு நீரில் ஊறவைத்துக் காயவைத்த திரி கனன்றுகொண்டே இருக்கும். விசையை இழுத்தால் திரியைக் கவ்விய கொக்கி இறங்கி, குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்து மருந்தைத் தொடும். அங்கே பற்றிய தீ துளை வழியே உள்ளே போய்க் கெட்டித்த மருந்தை வெடிக்கவைக்கும். இதுவே திரித் துப்பாக்கி. தீக்கல்லை உரசிப் பொறி எழுப்பும் வகை அதற்குப் பின்னால் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில், குதிரை தட்டியதும் வெடிக்கும் ‘கேப்பு’ வந்து இரண்டையும் ஓரங்கட்டியது. இன்று காவல்துறை கைப்பற்றிப் படம் எடுத்து வைக்கும் ‘எஸ்.பி.எம்.எல்.’ துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகை அல்லது அதன் உள்ளூர்த் திருத்தங்கள்.

ஐரோப்பியப் படைகள் 1700-ஐ ஒட்டித் திரித் துப்பாக்கியைக் கைவிட்டன. இந்தியாவில் அது 19-ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது. அதைப் பின்தங்கிய நிலை என்று எழுதிய வெள்ளைக்கார அதிகாரிகள் உண்டு. ஆனால் நல்ல தீக்கல்லும் நுண்ணிய வில்லும் தேடி அலையாமல் ஊர்க் கொல்லரே செய்து, ஊர்க் கொல்லரே பழுது பார்க்கக்கூடிய கருவி அது. வெடியுப்பு முக்கால் பங்கு, கரி ஏழில் ஒரு பங்கு அளவு, மீதி கந்தகம் என்ற கலவையும் கிராமத்தின் கைக்கு எட்டியதுதான். கருவி நீடித்ததற்கு இந்த எளிமை போதுமான காரணமாகத் தெரிகிறது.

வேட்டைக்கு அதன் வசதியின்மைகளும் தெளிவானவை. கனலும் திரியின் வாசம் காற்றில் போகும். இருட்டில் அதன் சிவப்புப் புள்ளி தெரியும். மழையில் மருந்து நமுத்துவிடும். ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். வரிவெட்டு இல்லாத குழலிலிருந்து சிதறும் ரவை முப்பது நாற்பது மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ஆகவே ஓடும் முயலைவிட, உட்கார்ந்திருக்கும் கொக்குக் கூட்டத்துக்கும் மடையானுக்கும் இது பொருத்தமான கருவி. இந்த விவரங்களைத் தெரிந்துகொள்ளாமல் நடக்கும் விவாதங்கள் பல. ஒரு தரப்பு அதைப் பொம்மை என்கிறது, மறு தரப்பு நவீன ரைஃபிளுக்கு நிகராகப் பேசுகிறது.

இது எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. 1510-இல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர் வழியாகவே கைத்துப்பாக்கி தென்னாட்டில் பரவியது என்பது நெடுநாள் வழக்கு. வெடிமருந்தும் பீரங்கியும் 15-ஆம் நூற்றாண்டிலேயே தக்காணத்தில் இருந்தன என்று வரலாற்றாசிரியர் இக்திதார் ஆலம் கான் வாதிட்டார். துருக்கிய வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்போர் உண்டு. மூன்று தரப்பும் படைகளைப் பற்றியே பேசுகின்றன. பாளையத்துச் சேவகன் கையிலிருந்து வேட்டைக்காரன் கைக்கு அது எப்போது மாறியது என்பது இந்த விவாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.

துப்பாக்கிக்கு முன்பும் பக்கத்திலும்

மரபு என்ற வாதத்தை எடைபோட, மதுரைச் சமவெளியின் வேட்டை எதைக்கொண்டு நடந்தது என்று பார்க்க வேண்டும். நாய், வலை, கண்ணி, வளரி ஆகியவையே முதன்மையானவை. கன்னி, சிப்பிப்பாறை போன்ற மெலிந்த நெடுங்கால் நாய்கள் முயல் துரத்தவே வளர்க்கப்பட்டவை. சு. தியடோர் பாஸ்கரன் இந்த இனங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கள்ளரும் மறவரும் வளரியைப் போரில் மட்டுமன்றி வேட்டையிலும் எறிந்தார்கள் என்பதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் குறித்தார். சென்னை அருங்காட்சியகத்தில் வளரிகள் காட்சிக்கு உள்ளன. கோயில் பாரிவேட்டையும், ஊர் கூடிப் போகும் முயல்வேட்டையும் நாயையும் தடியையும் நம்பியவை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, ‘ஆதிகாலம் முதல் துப்பாக்கி வேட்டை’ என்ற பேச்சுக்கு இங்கே ஆதாரம் போதாது. சமவெளியில் துப்பாக்கி பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டு, துப்பாக்கியைப் பறித்துவிட்டால் வேட்டை நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்புக்கும் வரலாற்றில் இடமில்லை. கண்ணிக்குச் சத்தம் கிடையாது, உரிமமும் கிடையாது.

கொல்லாமை அறத்தையும் இங்கேயே குறிப்பிடலாம். யானைமலை, அரிட்டாபட்டி, கீழவளவு என்று இதே வட்டாரக் குன்றுகளில் தமிழி எழுத்துகளோடு கூடிய சமணர் இருப்பிடங்கள் உள்ளன. புலால் மறுப்பு இம்மண்ணின் மிகப் பழைய நிலைப்பாடுகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தனிமனித நோன்பாகப் பேசப்பட்டது. அதையே வேட்டைச் சமூகங்களைத் தாழ்த்தும் அளவுகோலாகப் பிற்காலம் பயன்படுத்திக்கொண்டது. பொதுச் சட்டத்துக்கு அதை அடிப்படையாக்கினால், ஆடு வெட்டுவது சரி, முயல் சுடுவது தவறு என்பதற்கு அது விளக்கம் தராது. இன்றைய தடையின் நியாயத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

ஆயுதமாகப் பார்த்த அரசு

முதல் திட்டவட்டமான பதிலைச் சொன்னது கம்பெனி அரசு. 1755-இல் கர்னல் ஹெரானின் படை கோயிற் சிலைகளைக் கவர்ந்து சென்றது. அது ஒத்தக்கடையை அடுத்த திருமோகூர்க் கோயில் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அந்தப் படையைத் தாக்கினார்கள். அந்தத் தாக்குதலைப் பற்றிய வருணனைகளில் முன்னால் நிற்பவை நீண்ட ஈட்டிகளே. இருந்தும் ஆயுதம் தாங்கிய குடியானவன் என்ற அச்சம் ஆங்கிலேயர் மனத்தில் அப்போதே விழுந்துவிட்டது.

1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிக்கை வந்தது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது அது. பெரிய மருதுவை ஆட்சிப் பொறுப்பில் நாட்டமில்லாத, வேட்டையே பொழுதான மனிதராகத் தம் நினைவுக் குறிப்புகளில் வருணித்தவர், அந்தப் போரில் எதிரணியில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றதையும் அவரே எழுதினார். வேட்டைத் துப்பாக்கிக்கும் போர்த் துப்பாக்கிக்கும் நடுவில் கோடு போட முடியாது என்று அரசு நினைத்ததற்கு இப்படிப்பட்ட மனிதர்களே காரணம் போலும்.

1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதை இந்தியா முழுமைக்கும் விரித்தது. ஐரோப்பியருக்கும் வேறு சில பிரிவினருக்கும் விலக்கு, மற்றவர்களுக்கு உரிமம். 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் கீழ், 1914 தொடங்கி மதுரை வட்டாரக் கள்ளர்கள் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டனர். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடு அதன் விளைவு. 1930 ஜனவரியில் காந்தி வைத்த பதினோரு கோரிக்கைகளில் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் ஒன்று என்பது இன்று பலருக்கு மறந்துபோனது.

பொது அமைதி என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. உரிமமில்லாத துப்பாக்கி ஊர்ச் சண்டையிலும், இருட்டில் ஆளை விலங்கென்று எண்ணிச் சுட்ட விபத்திலும் உயிர் குடித்திருக்கிறது. கல்வராயன், ஜவ்வாது மலைப் பகுதிகளில் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதும், ஊர்ப் பொதுவிடத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன துப்பாக்கிகள் கிடைப்பதும் நடக்கிறது. இந்தப் பதிலின் குறை வேறு. அது துப்பாக்கியைப் பார்த்தது, சுடப்படுவது எது என்று பார்க்கவில்லை. முயல் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்பதே அதன் நிலை.

ஷிகாரிகளின் சட்டம்

விலங்கின் பக்கம் பார்வை திரும்பியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1879-இல் நீலகிரிக்கு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1887-இலும் 1912-இலும் காட்டுப் பறவை, விலங்குகளுக்கான அனைத்திந்தியச் சட்டங்கள் வந்தன. வேட்டைக்கு மூடிய பருவம் என்ற கருத்து இவற்றின் மையம். இனப்பெருக்கக் காலத்தில் சுடாதே. மற்ற நாளில் உரிமத்தோடு சுடலாம்.

ஜான் மெக்கென்சி, மகேஷ் ரங்கராஜன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதை இரட்டை நீதி என்று காட்டியிருக்கிறார்கள். துரைமார் சுட்டால் அது ஷிகார். குடியானவன் சுட்டால் திருட்டு வேட்டை. அதே அரசு கொடிய விலங்குகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பரிசும் கொடுத்தது. 1875-க்கும் 1925-க்கும் இடையில் 80,000-க்கு மேற்பட்ட புலிகளும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட சிறுத்தைகளும் கொல்லப்பட்டதாக ரங்கராஜன் அரசுக் கணக்குகளிலிருந்து காட்டினார். ஒரு கையால் துப்பாக்கியைப் பறித்து, மறு கையால் தோலுக்குப் பணம் கொடுத்த காலம் அது.

இந்த விமர்சனம் மலைக்கும் பெருவேட்டைக்கும் நன்றாகப் பொருந்துகிறது. சமவெளிக்கு அப்படியே பொருத்தும்போது கொஞ்சம் தளர்கிறது. துரைமாருக்குக் கௌதாரியும் காடையும் காலைப் பொழுதுபோக்கு. அதற்காக ஊரார் கண்ணி வைப்பதைத் தடுக்க அவர்கள் பெரிதாக மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. இங்கே நடந்தது அடக்குமுறையைவிட அலட்சியத்துக்கு நெருக்கமானது. வேடந்தாங்கலில் மட்டும் கதை தலைகீழ். வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதாக ஊரார் முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு பெற்றார்கள். துப்பாக்கிக்கு எதிராகக் கிராமம் நின்ற அந்த நிகழ்வு, காலனி வேட்டை வரலாறுகளில் உரிய இடத்தைப் பெறவில்லை.

1972-ஆ, 1991-ஆ?

1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது என்பது பரவலான நம்பிக்கை. சட்டத்தின் முதல் வடிவம் அப்படி இல்லை. அதன் 9-ஆம் பிரிவு, சிறப்பு விலங்கு, பெரு விலங்கு, சிறு விலங்கு என்று வேட்டை உரிமங்களை வகைப்படுத்தி அனுமதித்தது. முயலும் கௌதாரியும் காடையும் அப்போது நான்காம் அட்டவணையில், சிறுவேட்டைக்கு உரியவையாக இருந்தன. அந்தக் கதவை மூடியது 1991-ஆம் ஆண்டுத் திருத்தம். அதன் பிறகு மனித உயிருக்கு ஆபத்து, பயிர்ச் சேதம், ஆராய்ச்சி போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக அதிகாரி எழுதிக் கொடுத்தால் ஒழிய வேட்டை இல்லை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கி, இந்தச் சிற்றுயிர்களை இரண்டாம் அட்டவணைக்கு ஏற்றியது. பொதுவான அபராத உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது.

முழுத்தடைக்கு ஆதரவான வாதம் எளிமையில் வலுப்பெறுகிறது. எது பருவம், எது உரிமம், எத்தனை எண்ணிக்கை என்று பிரித்துக் கண்காணிக்க ஆள்பலம் இல்லாத நாட்டில், ‘எதையும் சுடாதே’ என்ற விதி மட்டுமே அமலாகும். 1970-களில் இறைச்சிக்கும் தோலுக்கும் நடந்த அழிவைப் பார்த்தவர்களுக்கு இது தேவையாகவே பட்டிருக்கும். எதிர்வாதமும் உண்டு. சூழலியலாளர் மாதவ் காட்கில் இந்தச் சட்டத்தையே அரசியல் சாசன நோக்கில் கேள்வி கேட்டு, எண்ணிக்கை பெருகிய விலங்குகளைக் கணக்கோடு வேட்டையாட அனுமதிக்கலாம் என்றார். அவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் காட்டுப்பன்றி. முயலுக்கும் கௌதாரிக்கும் அதே தர்க்கத்தை நீட்டலாமா என்பது தனிக் கேள்வி. அவை வயலைப் பெருமளவில் அழிப்பவை அல்ல.

வெள்ளாமைக் காவல்

இந்த விவாதத்தில் குறைவாகப் பேசப்படும் ஒரு சட்ட வரி இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே வேறு வகை வழவழக் குழல் துப்பாக்கி. ஆக, இந்தக் கருவியைப் பெயர் சொல்லி, அதற்கென ஒரு வேலையும் குறித்த சட்டம் இதுதான்.

1912-ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தைக் காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்வதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தற்காப்புக் கொலைக்கு மட்டுமே அந்த விலக்கு மிஞ்சியது. பயிருக்கு அதிகாரியின் எழுத்து ஆணை வேண்டும். ஒரு சட்டம் பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி தருகிறது, இன்னொரு சட்டம் அந்தத் துப்பாக்கியைப் பயிரில் மேயும் விலங்கின்மேல் நீட்டாதே என்கிறது. சத்தம் போட்டு விரட்ட வைத்துக்கொள் என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். வழக்கறிஞர்களுக்கு அது திருப்தி தரலாம். கடலைச் செடியைப் பன்றி பிடுங்கிப் போட்ட புஞ்சைக்காரருக்கு அல்ல.

அண்மைக்காலத்தில் மாநிலங்கள் இந்த முடிச்சைத் தனித்தனியாக அவிழ்க்கப் பார்க்கின்றன. கேரளம் 2022-இல் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. உடனே எழுந்த சிக்கல், உரிமத் துப்பாக்கியோடு குறிபார்த்துச் சுடத் தெரிந்தவர்கள் போதிய அளவில் இல்லை என்பது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட அனுமதித்தது. சுடுவது வனத்துறையினர் மட்டும். உழவர் கையில் துப்பாக்கி வேண்டாம் என்ற 1801-இன் எச்சரிக்கை இங்கேயும் தொடர்கிறது. இலங்கையின் வன்னியிலோ வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ‘இடியன்’ என்றே பெயர். விலங்கு மிதித்தால் வெடிக்கும்படி கட்டிவைப்பது ‘கட்டுத்துவக்கு’. பயிர்க் காவல் என்ற பெயரில் கட்டுத்துவக்கு மனிதரையும் ஊனமாக்கியிருக்கிறது என்பதால், அந்த அனுபவம் ஆதரவாளர்களுக்கும் எச்சரிக்கைதான்.

துப்பாக்கி இல்லாத இடத்தில் எது வருகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் பன்றியோடு யானையையும் ஆளையும் சேர்த்தே கொல்கின்றன. பயிர்க் காவல் தரப்பின் வலுவான வாதம் இதுவே. ஆனால் துப்பாக்கி கொடுத்தால் மின்வேலி குறையும் என்பதற்கு நிரூபணம் இன்னும் வரவில்லை.

பிழைப்பு, உரிமை

நரிக்குறவர்களின் தாய்மொழி வாக்ரிபோலி, இந்தோ-ஆரிய மொழி, குஜராத்திக்கு நெருக்கமானது. தர்ஸ்டன் அவர்களைக் குருவிக்காரர் என்ற தலைப்பில், மராத்தி பேசும் பறவை பிடிப்போர் என்று பதிந்தது பிற்கால மொழியாய்வில் திருத்தம் பெற்றது. தங்களை வாக்ரி என்பார்கள். ஊசிமணியும் பாசிமணியும் பொதுமக்களின் கண்ணில் பட்ட தொழில். வேட்டை வயிற்றுக்கான தொழில். தமிழ்நாட்டில் அவர்களில் சிலருக்கு நாட்டுத்துப்பாக்கி உரிமம் இருந்தது. 1991-க்குப் பிறகு அந்த உரிமத்தின் நிலை விசித்திரமானது. துப்பாக்கியை வைத்திருக்கலாம், அதைக்கொண்டு செய்யும் வேலையைச் செய்யக் கூடாது. மாற்றுத் தொழில் வந்து சேர்வதற்கு முன் பழைய தொழில் குற்றமாயிற்று என்பதே உரிமைத் தரப்பின் மையக் குற்றச்சாட்டு. அதை மறுப்பது கடினம்.

1965-இல் லோக்கூர் குழு இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இந்த நீண்ட தாமதத்துக்குப் பிறகு கிடைத்த தகுதி, கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் உதவும். வேட்டை விஷயத்தில் எதையும் மாற்றாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மரபுரிமைகளைப் பட்டியலிடும் இடத்திலேயே வேட்டையையும் பொறிவைத்துப் பிடிப்பதையும் வெளிப்படையாக விலக்கிவிட்டது. தவிர, அது காட்டுநிலம் பற்றிய சட்டம். நரிக்குறவர் அலைந்தது பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும்.

குடகு மக்களோடு ஒப்பிடுவோர் உண்டு. 1861 முதல் குடகர்களுக்கும் ‘ஜம்மா’ எனும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அதைச் செல்லும் என்றது. இப்போதைய நீட்டிப்பு 2029 வரை. நிலமும் படைப் பெருமையும் உள்ள சமூகத்துக்குப் பண்பாடு என்று ஏற்கப்பட்டது, நிலமற்ற நாடோடிச் சமூகத்துக்குச் சந்தேகமாகவே நின்றது என்று வாதிடுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. குடகிலும் அந்தத் துப்பாக்கியால் வேட்டையாட அனுமதி இல்லை. விலக்கு கிடைத்தால் நரிக்குறவரின் பிழைப்பு திரும்பிவிடும் என்று இந்த ஒப்பீட்டிலிருந்து முடிவுகட்ட இயலாது.

மெதுவான கருவி காப்பாற்றுமா?

அமெரிக்காவில் பல மாநிலங்கள் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கெனத் தனி வேட்டைப் பருவம் வைத்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் தீக்கல் வகைக்கு மட்டுமான பருவமே உண்டு. கருவி மெதுவானது, ஒரே சூடு, குறுகிய தூரம். ஆகவே விலங்குக்குத் தப்ப வாய்ப்பு அதிகம் என்பது அங்கே ஏற்கப்பட்ட நியாயம். இங்கேயும் சிலர் அதையே சொல்கிறார்கள்.

எனக்கு இது இந்த வட்டாரத்துக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அங்கே அந்த விதிக்குப் பின்னால் உரிம எண்ணிக்கை, ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு, எடுத்ததைத் தெரிவிக்கும் கடமை எல்லாம் இருக்கின்றன. இங்கே கருவி மட்டும் பழையது, மற்றவை புதியவை. தலையில் கட்டிய விளக்கு முயலின் கண்ணைக் கூசவைத்து நிறுத்திவிடுகிறது. மோட்டார் சைக்கிள் ஓரிரவில் பல கண்மாய்க்கரைகளைக் காட்டிவிடுகிறது. உட்கார்ந்த பறவைக் கூட்டத்தின்மேல் சிதறும் ரவை ஒரே சூட்டில் பலவற்றை வீழ்த்தும். காயத்தோடு பறந்து போய்ச் சாகும் பறவைகள் எந்தக் கணக்கிலும் வராது. ஈயரவை நீர்நிலைகளில் தங்கி வாத்தினங்களுக்கு நஞ்சாவதை அறிந்து, அமெரிக்காவே 1991-இல் நீர்ப்பறவை வேட்டைக்கு அதைத் தடைசெய்தது. மெதுவான துப்பாக்கி என்ற வாதம் அந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை.

தீராமல் நிற்பவை

எந்தத் தரப்பும் தொடாத ஒரு விஷயம், சமவெளியின் நிலம். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் குன்றுகளைத் தின்றன. ஒத்தக்கடையைச் சுற்றிப் புஞ்சைகள் மனைகளாயின. தரிசிலும் கண்மாய் உட்பரப்பிலும் சீமைக்கருவேலம் மண்டியது. 2017-இல் அதை அகற்றச் சொன்ன ஆணை மதுரைக் கிளையிலிருந்து வந்தது. அந்தப் புதர் பன்றிக்கு அடைக்கலம், திறந்த புல்வெளி தேடும் கௌதாரிக்கு அப்படியல்ல. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும், அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊர்கள் திரண்டு 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்துசெய்ய வைத்ததும், நிலத்தைக் காப்பதன் வழியே உயிர்களைக் காக்கும் வேறொரு பாதையைக் காட்டின. முயல் குறைந்ததற்குத் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு, புல்டோசரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாதவரை, வேட்டைக்காரனை முதன்மைக் குற்றவாளியாக்குவதும் அவனை முழுக்க விடுவிப்பதும் ஒரே அளவுக்கு அவசரமான முடிவுகள்.

இருப்பதை வைத்துச் சில மதிப்பீடுகள் செய்யலாம். சிறுவேட்டைத் தடையை இப்போது தளர்த்துவதற்கான காரணம் வலுவாக இல்லை. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுக்கும் வனவுயிர்ச் சட்டத்துக்கும் உள்ள முரணை நீதிமன்றமோ சட்டமன்றமோ வெளிப்படையாகத் தீர்க்க வேண்டும். உரிமம் கொடுத்துப் பயன்பாட்டை மறுப்பது விதியாகாது. பரம்பரைத் துப்பாக்கி வைத்திருக்கும் நரிக்குறவர் குடும்பத்தையும், உணவகத்துக்கு மூட்டை மூட்டையாக இறைச்சி அனுப்பும் வணிகனையும் ஒரே பிரிவில் நிறுத்துவதற்கு நியாயம் மிகக் குறைவு. ஒப்படைப்புக்கு இழப்பீடும் மாற்றுத் தொழிலும் முன்னால் வந்து, வழக்கு பின்னால் வருவதே முறை.

இவற்றில் எதைச் செய்வதானாலும் முதலில் வேண்டியது கணக்கு. வனத்துறையும் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியும் சேர்ந்து, காப்புக்காட்டு எல்லையில் நின்றுவிடாமல் கண்மாய்க்கரைக்கும் மானாவாரிப் புஞ்சைக்கும் இறங்கி, முயலையும் கௌதாரியையும் பன்றியையும் பயிர்ச் சேதத்தையும் ஆண்டுதோறும் எண்ண வேண்டும். எண்ணும் குழுவில், தடம் பார்த்தே விலங்கைச் சொல்லத் தெரிந்த நரிக்குறவர்களையும் மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும்.